காட்டு வகுப்பு

மூன்றாவது பிள்ளையும் குனிந்து வாந்தி எடுத்தபோதுதான் அற்புதம் டீச்சருக்குப் பயம் வந்தது. முதல் பிள்ளை எடுத்தபோது வெயிலில் ஏறி வந்த களைப்பு என்று நினைத்தாள். இரண்டாவது பையன் எடுத்தபோது மத்தியானச் சத்துணவில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மூன்றாவது அத்தாயி. வாந்தி எடுத்த கையோடு அவள் அத்திமரத்து வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. வாயோரம் நுரை கட்டியது. ஒல்லியான இரண்டு கால்களும் சருகின்மேல் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டன. மற்றப் பிள்ளைகள் விளையாட்டு என்று எண்ணி ஒரு கணம் சிரித்துவிட்டு, பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அற்புதம் ஓடினாள். வகுப்பில் பெரிய பெண்கள் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். காட்டிலிருந்து எஸ்டேட் ரோட்டுக்கு அரை மைல். காபிச் செடிகளுக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில் செருப்பு எங்கோ கழன்று போனது. ரோட்டை எட்டியபோது எஸ்டேட் ஜீப் நின்றிருந்தது. ஜீப்புக்குப் பக்கத்தில் அவள் கணவன் மரியஅந்தோணி, எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை சொல்லிக் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருக்கிறவன், டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். "என்ன குடிச்சாங்க?" என்று கேட்டான். என்ன தின்றார்கள் என்று அவன் கேட்கவில்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகுகூட உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு இரண்டு வளைவு இருக்கும்போது, அற்புதத்தின் மடியில் இழுத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன. சரியாகிவிட்டது என்று நினைத்து அவள் பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே போனாள்.

அது எண்பத்து மூன்றாம் வருஷத்து நவம்பர். பள்ளிக்கூடம் ஏற்காட்டு மலையில், வாழவந்திக்கு மேலே, காட்டோரத்தில், இரண்டே அறைகளோடு இருந்தது. முந்தின வருஷத்துக் காற்றில் ஓர் அறையின் ஓடுகள் பறந்து போயின. புது ஓடு வருவதற்குள் இரண்டு மழை வந்துபோனது. வெங்கடாசலம் ஹெட்மாஸ்டர் மேல் வகுப்புகளை மிச்சமிருந்த அறையில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல்தான் அற்புதம் அவர்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். வகுப்புக்குள் பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளைகள் மரத்தடியில் வாய் ஓயாமல் பேசினார்கள். கடுக்காயை வைத்துக் கூட்டினார்கள், கழித்தார்கள். ஈர மண்ணில் குச்சியால் உயிரெழுத்து எழுதினார்கள். ஓடு வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் காட்டு வகுப்பு. ஒன்றிலிருந்து நூறு எண்ணுகிற வரை எல்லாரும் கண்ணை மூடி உட்கார வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் என்ன சத்தம் கேட்டது என்று சொல்ல வேண்டும். இலையின் விளிம்பைப் பார்த்து மரத்தின் பேரைச் சொல்ல வேண்டும். பார்வையிட வந்த அதிகாரிகூட, பிள்ளைகள் இருபத்தாறு பேரும் வரிசையாக மரத்துக்கு மரம் நின்று வாய்ப்பாடு சொல்வதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, நடத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அத்தாயி மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக இருந்தாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடிவிடும் அவளுக்கு. காட்டுக்குள் போனால் கதை வேறு. தவிட்டுப்பழம் எந்தச் சரிவில் முதலில் பழுக்கும், எந்தக் காய் வயிற்றைக் கடுக்கும், எந்தக் கொடியைத் தொட்டால் அரிக்கும் என்று எல்லாம் சொல்லுவாள். ஒருமுறை அற்புதம் அழகாக இருக்கிறதே என்று ஒரு சிவப்புக் காயைப் பறித்து எல்லாருக்கும் காட்டியபோது, அத்தாயி பேசாமல் வந்து அவள் கையைத் தட்டிவிட்டு, அவள் விரல்களைத் தன் பாவாடையில் துடைத்துவிட்டாள். "அதத் தொட்டுட்டுக் கண்ணத் தொட்றாதீங்க டீச்சர்" என்றாள்.

அன்றைக்கு நடந்தது அற்புதத்துக்கு ஒவ்வோர் அடியாக நினைவிருந்தது. நடந்து வந்த பிள்ளைகளுக்குத் தாகம். "ஓடிப்போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று சொன்னது அவள்தான். அத்தாயி எப்போதும்போல, எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிற ஓடைக்கு முதல் ஆளாக ஓடினாள். இரண்டு கையாலும் அள்ளி வயிறு முட்டக் குடித்தாள். அவளுக்குப் பின்னால் போன இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வாய் குடித்திருப்பார்கள். அதற்குள் அத்தாயி நிமிர்ந்து முகத்தைச் சுளித்தாள். "டீச்சர், தண்ணி கசக்குதுங்க. பாலாட்டம் இருக்குதுங்க." மற்றவர்களைக் கையை விரித்துத் தடுத்து, "குடிக்காதீங்க, குடிக்காதீங்க" என்று கத்தினாள். அற்புதத்தின் மூக்கிலும் அந்த நெடி ஏறியது, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள், காற்றில் வருகிறது என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். முந்தின நாள் சாப்பிடும்போது மரியஅந்தோணி, "நாளைக்கு மத்தியானத்தோட மருந்து முடிஞ்சிரும், டிரம்மெல்லாம் காலி" என்று சொன்னதும் அவள் காதில் விழுந்துதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவள் பதில் சொல்லுகிற நிலையில் இல்லை. மற்ற இரண்டு பிள்ளைகளோடு பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்த ஹெட்மாஸ்டர் சொன்னார்: "காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க டாக்டர். ஏதாச்சும் விசக்காயத் தின்னிருக்கும்ங்க." டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மற்ற இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள். அத்தாயியின் குடலிலிருந்து எதையோ எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் ஹெட்மாஸ்டர் சொன்னதே ஊரில் நடமாடியது. மலைக்காரப் பிள்ளை, காய் தெரியாமல் தின்றுவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து அற்புதம் எஸ்டேட் குவார்ட்டர்ஸின் பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். மரியஅந்தோணி வந்து பக்கத்தில் நின்றான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒருநாளும் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறவன். அவளுடைய காட்டு வகுப்புக்கென்று சாக்குப் பைகளை அவனே தைத்துக் கொடுத்திருக்கிறான்.

"திங்கக்கிழமை எஸ்.ஐ. ஸ்கூலுக்கு வர்றாராம்" என்றான். "நாலு வரி எழுதிக் குடுத்தாப் போதும் அற்புதம். புள்ளைங்க காயப் பறிச்சுத் தின்னுதுங்க, நான் கவனிக்கலைன்னு. உனக்குப் பெருசா ஒண்ணும் வராது. மிஞ்சிப்போனா வேற ஊருக்குப் போடுவாங்க."

அவள் தலையைத் திருப்பாமல் கேட்டாள். "டிரம்ம எங்கீங்க கழுவுனாங்க?"

அவன் கொல்லையில் காயப்போட்டிருந்த காபிக்கொட்டையைக் கோழி கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மருந்துக் குழிக்குக் கொண்டுபோய்த்தான் கழுவணும். குழி எங்கியோ கீழ கெடக்குது. ஆளுங்க ஊட்டுக்குப் போற நேரம். மேல ஓடையிலயே அலசி வெச்சுட்டுப் போங்கன்னு சொன்னேன். போன வருசமும் அப்படித்தான் செஞ்சோம். அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தான்."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"சின்னங்கிட்ட."

சின்னன் அத்தாயியின் அப்பன்.

அற்புதம் எழுந்து நின்றாள். எதற்காக எழுந்தாள் என்று தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தாள். காலையில் புதைகுழிக்குள் இறங்கிப் பிள்ளையை வாங்கிக் கிடத்தியவன் சின்னன்தான். அப்போது அவன் அழவில்லை. ஆண்பிள்ளை, அதனால் அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று அவள் எண்ணியிருந்தாள்.

"அவருக்குத் தெரியுங்களா?"

"தெரியாம இருக்குமா?" என்றான் மரியஅந்தோணி. "இப்பச் சொல்லு. உண்மையச் சொல்லி யாருக்கு என்ன நல்லது நடக்கப்போவுது? அந்தப் பொம்பளைக்கு, உம்புருசந்தான் உம்புள்ளையக் கொன்னான்னு சொல்லப்போறியா?" அவன் குரல் உடைந்தது. அவன் தனக்காக மட்டும் பேசவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தனக்காகவும் பேசுகிறான் என்பதும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் போகவில்லை. பத்து மணிவாக்கில் கண்ணம்மாள் வந்தாள். அத்தாயியின் அம்மா. தலையைக்கூட முடிந்திருக்கவில்லை. படியில் ஏறச் சொன்னதற்கு ஏறாமல் முற்றத்திலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால், வேலிப் படலுக்கு அந்தப் பக்கம், சின்னன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"டீச்சருங்க, ஊரே எம்புள்ள தெரியாம விசக்காயத் தின்னுட்டாங்குதுங்க. நடக்கப் பழகுன நாள்லருந்து எங்கூடக் காட்டுல திரிஞ்சவ. எதத் திங்கோணும், எதத் தொடக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதுங்களா? நீங்க சொல்லுங்க. உங்ககூடத்தானுங்களே வாரா வாரம் வந்தா."

"தெரியுங்க" என்றாள் அற்புதம். "எங்க எல்லாத்தையும்விட அவளுக்கு நொம்பத் தெரியும்."

"அதை நாளைக்குப் போலீஸ்காரங்ககிட்டச் சொல்லுவீங்களா? எம்புள்ளதான் போயிட்டா. அவ பேரையும் கெடுக்காதீங்க, அவ்வளவுதானுங்க." கண்ணம்மாள் அழாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். சின்னன் அவளுக்கு நாலடி பின்னால் போனான். அவள் நின்றால் அவனும் நின்றான். அவள் பக்கத்தில் போவதற்கு அவனுக்குப் பயமாக இருக்கிறது என்று அற்புதத்துக்குப் பட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கி நாற்காலி போட்டார்கள். எஸ்.ஐ. நடுத்தர வயதுக்காரர்; கெட்ட மனிதராகத் தெரியவில்லை. எஸ்டேட் மானேஜர் தன் காரில் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மரியஅந்தோணி நின்றான். ஊர்க்காரர்கள் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். கதவை ஒட்டி, தரையில், சின்னன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"புள்ளைங்க என்னம்மா தின்னாங்க?" என்று கேட்டார் எஸ்.ஐ.

இரண்டு நாளாக இந்தக் கேள்விக்கு இரண்டு பதிலையும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணம்மாள் நின்றிருந்தாள்.

"ஒண்ணும் திங்கலைங்க. தண்ணி குடிச்சாங்க. குடிச்சிட்டு வாங்கன்னு நாந்தான் அனுப்பினேன். மருந்து நெடி எனக்கும் அடிச்சுதுங்க. கசக்குதுன்னு அந்தப் புள்ளதான் கண்டுபிடிச்சா. அவ கத்தலைன்னா இருபத்தாறு பேரும் குடிச்சிருப்பாங்க."

வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். வாசலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டு மானேஜரைப் பார்த்தார். மானேஜர் பதறவில்லை. டிரம்முகளைக் குழியில்தான் கழுவ வேண்டும் என்பது எஸ்டேட்டின் கண்டிப்பான உத்தரவு என்றும், எந்தக் கூலியாளாவது அதை மீறியிருந்தால் விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டியது போலீசின் பொறுப்பு என்றும் பொறுமையாகச் சொன்னார். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த பேச்சு.

"யார் ஓடையில கழுவுனது?" என்று எஸ்.ஐ. பொதுவாகக் கேட்டார்.

சின்னன் எழுந்தான். எழுந்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டான், ஏதோ கூலி வாங்க வரிசையில் நிற்பவன்போல. "நாந்தானுங்க."

 அற்புதம் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"செத்துப்போன புள்ளையோட அப்பனுங்க" என்று யாரோ எஸ்.ஐ.யிடம் மெதுவாகச் சொன்னார்கள். அவர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "யாருய்யா அங்க கழுவச் சொன்னது?" என்று கேட்டார்.

சின்னன் தரையைப் பார்த்தான். மரியஅந்தோணி சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். அந்தச் சின்னச் சத்தம் அறை முழுக்கக் கேட்டதுபோல அற்புதத்துக்கு இருந்தது. இப்போது கணவனே சொல்லுவான் என்று நினைத்தாள். அவள் அறிந்த மனிதன் சொல்லிவிடுவான்.

"யாருஞ் சொல்லலீங்க" என்றான் சின்னன். "நானாத்தானுங்க செஞ்சேன்."

எஸ்.ஐ. எழுதினார். எழுதி முடித்து அற்புதத்திடம் திரும்பினார். "வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?"

ஒரு வாக்கியம்தான். அது அவள் நாக்கில் தயாராக இருந்தது. குவார்ட்டர்ஸின் பின்வாசல், சாக்குப் பைகளைத் தைத்த கை, அந்தக் கைக்கு விலங்கு, எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"இல்லீங்க" என்றாள்.

ஜீப்பின் பின்னால் ஏறும்போது சின்னனுக்கு யாரோ துண்டு எடுத்துக் கொடுத்தார்கள். அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் மரியஅந்தோணி சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.  "சின்னனுக்கு நல்ல வக்கீலா நான் வெச்சுத் தர்றேன்" என்று செவ்வாய்க்கிழமை காலை அவன் சொன்னபோது அவள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள்.

புதன்கிழமை கல்வி அதிகாரியின் உத்தரவு வந்தது. எந்தப் பிள்ளையையும் பள்ளி எல்லைக்கு வெளியே கூட்டிப்போகக் கூடாது. ஹெட்மாஸ்டர் அதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிழைத்து வந்த பிள்ளைகளில் ஒருத்தி வகுப்புக்கு வந்தாள். இன்னொருவனை அவன் வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அற்புதம் பாடப் புத்தகத்தைத் திறந்து மரத்தின் பாகங்கள் என்று கரும்பலகையில் எழுதினாள். வேர், தண்டு, கிளை, இலை. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்கள். கேள்வி கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி இரண்டானபோது ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து போய்க் கதவருகே நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்து, சத்தமில்லாமல், வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். அற்புதம் சாக்பீஸைக் கீழே வைத்தாள். பிறகு, "உக்காருங்க கண்ணு" என்றாள். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை காலை மரியஅந்தோணியிடம் ஏற்காட்டுக்குப் போய்வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் புறப்பட்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் பஸ் நிற்கும். அதற்குப் பிறகு மார்க்கெட்டுக்கு முன்னாலும் நிற்கும். எந்த இடத்தில் இறங்குவது என்று நடக்கும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

மாரமங்கலத்துப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. மிளகு மூட்டைகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. அவள் கம்பியைப் பிடித்து நின்றபோது, "டீச்சருங்க, இங்க வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். கண்ணம்மாள். ஜன்னலோரமாக நகர்ந்து, பக்கத்தில் இருந்த தூக்குப்போசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். உட்காராமல் இருக்க அற்புதத்துக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"அவருக்குச் சோறுங்க, இன்னும் ஸ்டேஷன்லயேதான் வெச்சிருக்காங்க" என்றாள் கண்ணம்மாள், போசியைத் தொட்டு. "போன தடவ கொண்டுபோனதத் தொடவே இல்லீங்க."

பஸ் இரண்டு வளைவு போகிற வரைக்கும் கண்ணம்மாள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க ஒருத்திதானுங்க அன்னிக்கி எம்புள்ளைக்காகப் பேசுனது" என்றாள் பிறகு. "ஆயுசுக்கும் மறக்க மாட்டனுங்க. அவரு மேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கையப் பாத்தா எனக்கு ஒடம்பெல்லாம் எரியுதுங்க. ஆனா டீச்சர், அவரு சொன்னதச் செய்யற ஆளு. இத்தன வருசத்துல தானா ஒரு காரியம் செஞ்சதில்லீங்க. களையெடுன்னா எடுப்பாரு, வெட்டுன்னா வெட்டுவாரு. யாரோ சொல்லித்தானுங்களே கழுவியிருப்பாரு? யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

அற்புதம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஊட்டுக்காரருதானுங்களே அங்க ரைட்டரு. அவருக்குத் தெரியாம இருக்காது. நான் போய்க் கேட்டாச் சொல்ல மாட்டாரு. நீங்க கேட்டுச் சொல்றீங்களா டீச்சர்?"

பஸ் அடுத்த வளைவில் சட்டென்று திரும்பியது. கண்ணம்மாளின் மடியிலிருந்த போசி சாய்ந்து, மூடி நழுவி, சூடான ரசம் அற்புதத்தின் வெள்ளைச் சேலையில் முழங்கால் வரைக்கும் கொட்டியது.

"ஐயோ சாமி, டீச்சரு சேலையில பட்டுருச்சுங்களே" என்று பதறிக் கண்ணம்மாள் போசியைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு குனிந்தாள். தன் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி அந்த இடத்தை அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள். அற்புதம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மஞ்சள் கறை விரிந்துகொண்டே போனது. கண்ணம்மாள் நிறுத்தவில்லை. "சுட்டுருச்சுங்களா, சுட்டுருச்சுங்களா" என்று கேட்டுக்கொண்டே, பிடித்த கையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் கண்டக்டர், ஸ்டேஷன் இறங்குறவங்க முன்னால வாங்க என்று சத்தம் கொடுத்தார்.